வாடிக்கையாளர் வீட்டுத் தரையில் போன் வழியே கல் விரித்துக் காட்ட முடியுமா? ஏ.ஆர். பற்றி ஒரு விவாதம்

கற்கடைக்காரர், கிருஷ்ணகிரி | ஞாயிறு, இரவு 8.10

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் 16 ஆண்டுகளாகக் கிரானைட் கடை நடத்தி வருகிறேன். சென்ற மாதம் ஒரு மென்பொருள் நிறுவனத்தார் வந்தார்கள். எங்களிடமுள்ள ஸ்லாப்புகளைப் படமெடுத்து, வாடிக்கையாளர் தம் வீட்டிலிருந்தபடியே போன் கேமராவைத் தரையை நோக்கிப் பிடித்தால் அந்தக் கல் அங்கேயே பதித்துக் கிடப்பது போலத் தெரியும் செயலி ஒன்றைச் செய்து தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் கொண்டுவந்த போனில், அவர்கள் விரித்த கம்பளத்தின் மேல், எல்லாம் கச்சிதமாகவே இருந்தது. எங்கள் கடைத் தரையில் காட்டுங்கள் என்றேன். அது பாலிஷ் போட்ட கறுப்புக் கல் பதித்த தரை. அங்கே அந்தப் பொய்க் கல் முதலில் ஓரங்குலம் மேலே மிதந்தது. இரண்டடி நகர்ந்து பார்த்தபோது தரைக்குள் அமிழ்ந்தது. பிறகு மெல்ல நழுவிப்போய்ச் சுவருக்குள் நுழைந்துகொண்டது. "வெளிச்சம் சரியில்லை, சார்" என்றார்கள்.

அவர்கள் கேட்கும் தொகை என் போன்ற கடைக்குச் சிறியதன்று. இந்த ஏ.ஆர். (ஆக்மெண்டட் ரியாலிட்டி), அதாவது நிஜக் காட்சியின் மேல் பொய்ப் பொருளை வைத்துக் காட்டும் முறை, உண்மையில் வியாபாரத்துக்கு உதவுமா, அல்லது பத்து நாள் வேடிக்கை பார்த்துவிட்டு மறக்கிற பொருள்தானா என்பதை, இதைக் கையாண்டு பார்த்தவர்கள் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

ஓசூர் நிரலாளர் | ஞாயிறு, இரவு 9.35

வணக்கம் ஐயா. நான்கு ஆண்டுகள் இந்த வேலையையே செய்தவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். அவர்கள் சொன்ன காரணம் பாதிதான் உண்மை. மீதிப் பாதி உங்கள் தரையில் இருக்கிறது.

தரையில் ஒரு பொருளை அசையாமல் நிறுத்திக் காட்ட வேண்டுமானால், தான் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்பது போனுக்கு ஒவ்வொரு கணமும் தெரிய வேண்டும். இதற்காகக் கேமரா விநாடிக்கு 30 படங்கள் என்ற கணக்கில் எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் மூலை, கீறல், கறை, புள்ளி என்று அடையாளம் வைத்துக்கொள்ளத் தக்க இடங்களை மென்பொருள் பொறுக்கி வைத்துக்கொண்டு, போன் நகரும்போது அவை திரையில் எவ்வளவு இடம் மாறின என்று பார்க்கிறது. பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாலையோரப் புளியமரம் விர்ரென்று பின்னால் ஓடுவதும் தொலைவில் நிற்கும் மலை கூடவே வருவதும் நமக்குத் தெரியும் அல்லவா? அந்த வித்தியாசத்தைக் கொண்டுதான் எந்தப் புள்ளி அருகில், எந்தப் புள்ளி தொலைவில் என்று அது கணிக்கிறது. இதனுடன், போனுக்குள் இருக்கும், சுழற்சியை உணரும் ஜைராஸ்கோப்பும் வேக மாற்றத்தை உணரும் முடுக்கமானியும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை தரும் அளவுகளையும் சேர்த்துக்கொள்கிறது. கேமரா ஒன்றுதான் என்றால் ஒரு சிறு பொம்மை வீட்டையும் நிஜ வீட்டையும் அது பிரித்தறியாது. எவ்வளவு தூரம் கை நகர்ந்தது என்று முடுக்கமானி சொல்வதால்தான் அடிக்கணக்கு கிடைக்கிறது.

இப்போது உங்கள் கறுப்புத் தரைக்கு வருவோம். அதில் கேமராவுக்குப் பளிச்சென்று தெரிவது கல் அல்ல, கல்லில் பிரதிபலிக்கும் டியூப்லைட். கண்ணாடியில் தெரியும் உருவம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பதாகத் தோன்றுவது போல, பத்தடி உயரத்தில் தொங்கும் அந்த விளக்கு தரைக்குக் கீழே பத்தடி ஆழத்தில் இருப்பதாகவே கேமராவின் கணக்கு முடியும். கல்லின் சொந்தப் புள்ளிகள் சில "தரை இங்கே" என்கின்றன. விளக்கின் பிம்பங்கள் "இல்லை, பாதாளத்தில்" என்கின்றன. இரண்டுக்கும் நடுவே கணக்கு ஊசலாடுவதைத்தான் நீங்கள் மிதப்பதாகவும் அமிழ்வதாகவும் பார்த்தீர்கள்.

வெறும் வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் வேறு வகைத் தொல்லை. அதில் பொறுக்க ஒரு புள்ளியும் இராது. இருக்கிற இணைப்புக் கோடுகளும் ஒரே மாதிரி என்பதால், ஒரு டைல்ஸை அடுத்த டைல்ஸ் என்று எண்ணிவிடும். ஆனால் பழைய சிமெண்ட் தரை, விரிசல் விட்ட சிவப்பு ஆக்சைடு தரை, இன்னும் பூச்சு முடியாத கான்கிரீட் தரை, இவற்றில் எல்லாம் அது ஆணி அடித்தாற்போல நிற்கும். உங்களிடம் கல் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அப்படிப்பட்ட தரைதானே இருக்கும்? ஆகவே உங்கள் கடையில் தோற்றது அவர்கள் வீட்டிலும் தோற்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நாலு ரோடு சர்வீஸ், தருமபுரி | ஞாயிறு, இரவு 10.20

மேலே நண்பர் ஜைராஸ்கோப் என்று எழுதியதைப் படித்ததும் சிரித்துக்கொண்டேன். என் மேசைக்குப் பழுது பார்க்க வரும் மலிவு விலைப் போன்கள் பலவற்றில் அந்தச் சில்லே (சிப்) இருப்பதில்லை. முடுக்கமானி இருக்கும், திரை திரும்பும், வாங்கியவர் அது போதும் என்று இருந்துவிடுவார். இருக்கிற போன்களிலும் எல்லாவற்றிலும் ஏ.ஆர். ஓடாது, ஆண்ட்ராய்டில் கூகுள் ஒவ்வொரு மாடலின் கேமராவையும் உணரிகளையும் சோதித்து ஒரு பட்டியலில் சேர்த்தால்தான் அதன் ஏ.ஆர். மென்பொருளான ஏ.ஆர்.கோர் அந்தப் போனில் வேலை செய்யும். கற்கடை அண்ணன் ஒரு காரியம் செய்யலாம். செயலிக்குப் பணம் கொடுக்கும் முன், அடுத்த 20 வாடிக்கையாளர்களிடம், அவர்கள் சம்மதித்தால், பிளே ஸ்டோரில் 'கூகுள் பிளே சர்வீசஸ் ஃபார் ஏ.ஆர்.' என்பதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுவ முடியாது என்று வந்தால் அந்தப் போனில் உங்கள் கல் விரியாது. எத்தனை பேருக்கு விரியும் என்ற கணக்கு அங்கேயே கைக்கு வந்துவிடும், செலவு ஒரு டீயோடு முடியும்.

இன்னொன்று சூடு. கேமரா, திரை, கணக்கீட்டுச் சில், வரைகலைச் சில் எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடுவதால், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பத்து நிமிடத்துக்குள் பின்பக்கம் தொட முடியாதபடி ஆகிவிடும். அதற்குப் பிறகு போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தையும் திரை வெளிச்சத்தையும் தானே குறைக்கும். அப்போது படம் திக்கித் திக்கி வரும், அடையாளப் புள்ளிகள் தவறும், கல் மறுபடியும் நழுவும்.

பர்கூர் வாசகி | திங்கள், காலை 6.50

சென்ற ஆண்டு வீடு கட்டி முடித்தவள் என்ற முறையில், வாங்குகிறவர் பக்கத்திலிருந்து இரண்டு சொல்ல வேண்டும்.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது எங்களைக் குழப்பியது நிறம் மட்டுமே. கடையில் வெள்ளை விளக்கின் கீழே சாம்பலாகத் தெரிந்த கல், வீட்டில் கிழக்கு ஜன்னல் வெயிலில் லேசான ஊதா அடித்தது. இதைப் போன் எப்படிக் காட்டும்? ஒரே படத்தை என் போனிலும் என் கணவர் போனிலும் பார்த்தாலே இரண்டும் இரண்டு நிறம். சமையல் மேடைக் கல்லில் தண்ணீர்க் கறை தெரியுமா, எண்ணெய் பட்டால் எப்படி இருக்கும், கையை வைத்தால் எப்படிக் குளிரும் என்பதெல்லாம் கல்லைத் தொட்டால் மட்டுமே தெரிகிறவை.

அடுத்தது, எங்கள் வீட்டுச் சமையலறைக்குள், படுக்கையறைக்குள் ஒரு கடையின் செயலி கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பதை நான் விரும்ப மாட்டேன். என் மாமியார் நிச்சயம் விடமாட்டார். அந்தப் படங்கள் எங்கே போகின்றன என்று முதல் பக்கத்திலேயே தமிழில் எழுதி வைத்தால்தான் நம்பிக்கை வரும்.

கற்கடைக்காரர், கிருஷ்ணகிரி | திங்கள், பிற்பகல் 2.15

அம்மா சொன்னது என் தொழிலின் மையத்தைத் தொட்டுவிட்டது. எங்கள் பக்கத்துப் பாரடைசோ கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அலை அலையாக ஓடும் அந்த ஊதா வரிகள் ஒரு பிளாக்குக்கும் அடுத்த பிளாக்குக்கும் ஒத்துப்போகா. ஒரே பிளாக்கிலேயே முதல் ஸ்லாப்பும் முப்பதாவது ஸ்லாப்பும் அண்ணன் தம்பி போல இருக்குமே தவிர இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பதில்லை. செயலிக்காக இன்று படமெடுத்த ஸ்லாப் வெள்ளிக்கிழமை விற்றுப்போகும். அதன் பிறகு வருகிறவர் "போனில் பார்த்தது இது இல்லையே" என்று சண்டைக்கு வந்தால் நான் என்ன பதில் சொல்வது? ஒவ்வொரு லாட் வந்ததும் புதிதாகப் படமெடுக்க ஆள் வைக்க வேண்டும் என்ற செலவை அந்த நிறுவனத்தார் வாய் திறந்து சொல்லவே இல்லை.

ஓசூர் நிரலாளர் | திங்கள், இரவு 9.05

நிறம் பற்றிய ஐயம் முற்றிலும் நியாயமானது. கேமரா தெரியும் காட்சிக்கேற்ப வெண்மைச் சமநிலையை, அதாவது எது வெள்ளை என்ற கணக்கை, தானே மாற்றிக்கொண்டே இருக்கிறது. மஞ்சள் சுவருக்கு முன்னால் பிடித்தால் ஒரு மாதிரி, நீலச் சுவருக்கு முன்னால் பிடித்தால் வேறு மாதிரி. அறையின் ஒளியைக் கணித்துப் பொய்ப் பொருளின் மேல் நிழலும் பளபளப்பும் போடும் வசதி 2019 முதல் ஏ.ஆர்.கோரில் இருக்கிறது. ஆனால் கேமரா பார்ப்பது அறையின் ஒரு சிறு பகுதியை. முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலை அது ஊகிக்கத்தான் செய்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிக்கு அந்த ஊகம் போதும். பாலிஷ் போட்ட கல்லின் அழகே அது எதைப் பிரதிபலிக்கிறது என்பதில் இருப்பதால், கல்லுக்குப் போதாது.

அறைகலன் விற்கும் ஐக்கியா நிறுவனம் 2017இல் நாற்காலி, மேசைகளை வீட்டில் வைத்துப் பார்க்கும் செயலியை வெளியிட்டபோது அது எடுபட்டதற்குக் காரணம், அங்கே கேள்வி "இந்தச் சோபா இந்த மூலையில் அடங்குமா?" என்பது. அளவும் இடமும் பற்றிய கேள்வி. அதற்குப் போன் ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்லும். நிறமும் தொடுகையும் பற்றிய கேள்விக்குச் சொல்லாது. உங்கள் செயலி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

தகடூர் உளி, தருமபுரி | செவ்வாய், காலை 7.30

கல் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். ஆனால் நான் சொல்லப்போவது விற்கிற கல்லைப் பற்றியன்று. நடுகற்களைத் தேடிச் சுற்றுவது என் ஓய்வுநேர வேலை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் ஒரு நடுகல்லின் முன் நின்று போனைப் பிடித்தால், வீரனின் உருவத்துக்கு மேலே தேய்ந்து கிடக்கும் வட்டெழுத்து வரி அதே இடத்தில் இக்கால எழுத்தில் தெரிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதைவிட ஏ.ஆருக்குப் பொருத்தமான வேலை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெயர்ப்பலகையில் எழுதி வைத்தால், பார்ப்பவரின் கண் பலகைக்கும் கல்லுக்கும் மாறி மாறி அலைகிறது, எந்த எழுத்து எங்கே என்பது கடைசிவரை பிடிபடுவதில்லை. எழுத்தின் மேலேயே எழுத்து வந்து அமர்ந்தால், பத்து வயதுப் பிள்ளையும் ஒரு மணி நேரத்தில் நாலு வட்டெழுத்துகளைக் கற்றுக்கொள்ளும்.

ஒரு நண்பரின் உதவியுடன் செய்தும் பார்த்தோம். வயலோரம் திறந்தவெளியில் நிற்கும் ஒரு கல்லைக் காலை 10 மணிக்குப் படமெடுத்து, அதையே அடையாளப் படமாகக் கொடுத்தோம். காலையில் அருமையாக வேலை செய்தது. மாலை 4 மணிக்குப் போனால் அந்தக் கல்லைச் செயலிக்கு அடையாளமே தெரியவில்லை. புடைப்புச் சிற்பத்தில் கேமரா காண்பவை எல்லாம் நிழல்கள்தாம். காலையில் வாளின் வலப்பக்கம் விழுந்த நிழல் மாலையில் இடப்பக்கம் விழுகிறது. கல்லின் மேல் தாளை ஒற்றி மைப்படி எடுக்க வழியில்லாத நேரத்தில், சாய்ந்த வெயில் விழும் வேளை பார்த்துக் காத்திருந்து எழுத்தைப் படிக்கிற நாங்களே இதை முன்கூட்டி யோசிக்காமல் போனதுதான் வேடிக்கை.

இன்னொரு நண்பர் இராயக்கோட்டை மலைமேல் போனைப் பிடித்தால், 1791இல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் கைக்குப் போவதற்கு முன் கோட்டைச் சுவர் எப்படி நின்றிருக்கும் என்று காட்ட வேண்டும் என்கிறார். அது நடக்குமா?

ஓசூர் நிரலாளர் | செவ்வாய், இரவு 10.40

கோட்டை பற்றிய கேள்விக்குக் கணக்கு போட்டே பதில் சொல்லலாம். திறந்த வானத்தின் கீழ் போனின் ஜி.பி.எஸ். ஏறக்குறைய 5 மீட்டர் வரை பிசகும். அதைவிடப் பெரிய சிக்கல் திசைகாட்டி. பக்கத்தில் இரும்பு வேலியோ வண்டியோ இருந்தால் 10 டிகிரி விலகுவது சாதாரணம். 200 மீட்டர் தொலைவில் நிற்கும் சுவருக்கு 10 டிகிரி என்றால் 35 மீட்டர் தள்ளிப் போகும். மதில் இருந்த இடத்தை விட்டுப் பக்கத்துப் பாறைமேல் அல்லது ஆகாயத்தில் நிற்கும். வானத்து நட்சத்திரத்தைக் காட்டும் செயலிக்கு இந்தப் பிழை பெரிதில்லை. கோட்டைக்குப் பெரிது.

இதைத் தீர்க்கத்தான் கூகுள் 2022இல், கேமரா காணும் கட்டடங்களைத் தன் வீதிப்படங்களோடு (ஸ்ட்ரீட் வியூ) ஒப்பிட்டு இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் வசதியைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் வீதிப்படச் சேவை 10 நகரங்களில் தொடங்கியது. பெங்களூரும் சென்னையும் அந்தப் பட்டியலில் இருந்தன. படக் கேமரா போகாத இடத்தில் இந்த வசதிக்கு ஒப்பிட எதுவும் இல்லை, மலைப்பாதையில் வண்டி ஏறவும் போவதில்லை. ஆகவே கோட்டைக்கு எளிய வழி, ஒரு குறிப்பிட்ட பாறையில் நின்று, அங்கிருந்து தெரியும் ஒரு நிலையான அடையாளத்தைப் பயனரே திரையில் தட்டிப் பொருத்தச் செய்வது. அழகான வழி இல்லை. ஆனால் வேலை செய்யும்.

நடுகல்லுக்கு: அகழ்வைப்பகத்துக்குள் விளக்கு மாறாது என்பதால் உங்கள் முறை அங்கே நிற்கும். திறந்தவெளிக் கல்லுக்கு, காலை, நண்பகல், மாலை என மூன்று நான்கு படங்களை அடையாளமாகக் கொடுங்கள். ஒரு தொகுப்பில் 1,000 படங்கள் வரை ஏ.ஆர்.கோர் ஏற்றுக்கொள்ளும். கல் திரையில் கால்வாசி இடத்தையாவது அடைக்கும்படி கிட்டப்போய்த் தொடங்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் மென்பொருள்கள் சிலவற்றில் தமிழ் எழுத்து சரியாகக் கோக்கப்படுவதில்லை. 'கொ' என்று வரவேண்டிய இடத்தில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நான் பல இரவுகள் இதோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ஒவ்வொரு வரியையும் படமாக்கி ஒட்டினேன். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வட்டெழுத்தைப் படிக்க வைக்கப் போய் இக்காலத் தமிழைக் கெடுத்துவிடாதீர்கள்.

அரூர் ஆசிரியை | புதன், இரவு 8.00

நான் அறிவியல் ஆசிரியை. 2020 ஊரடங்கின்போது வீட்டு வரவேற்பறையில் புலியை வரவழைத்து அதன் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுக்காதவர் குறைவு. கூகுள் தேடலிலேயே அந்த வசதி இருந்தது. அந்த நினைவில், சென்ற பருவத்தில் இதயப் பாடத்துக்கு ஏ.ஆர். பயன்படுத்திப் பார்த்தேன். வகுப்பில் 42 பேர். வேலை செய்த போன்கள் மூன்று.

ஆய்வக மேசையின் மேல் தலையளவு இதயம் துடித்துக்கொண்டு நின்றது. முதல் ஐந்து நிமிடம் கூச்சல்தான். பிறகு ஒரு மாணவி போனை வாங்கிக்கொண்டு, மேசைக்குக் கீழே குனிந்து, இதயத்தை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். "டீச்சர், இடது பக்கச் சுவர் மட்டும் ஏன் இவ்வளவு தடிமன்?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் அந்த வித்தியாசம் படமாகவே இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் படத்தைப் பார்த்து ஒருவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தானே நடந்து சுற்றிப் பார்க்கும்போது கண் எதையோ பிடித்துக்கொள்கிறது. இதைக் குறைத்து மதிப்பிட நான் தயாராக இல்லை.

ஆனால் பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு போன் சூடாகி நின்றது. மற்ற இரண்டையும் சுற்றி 20, 20 பேர் முண்டியடித்தார்கள். செயலியின் பெயர்க்குறிப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. 'வெண்ட்ரிக்கிள்' என்பது கீழறைதான் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது. 2018இல் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் வந்தபோது அது ஒரு நல்ல ஏற்பாடாக இருந்தது, ஏனென்றால் போன் இல்லாத பிள்ளைக்கும் புத்தகம் புத்தகமாகவே இருந்தது. ஏ.ஆர். பாடத்தில், போன் கிட்டாத பிள்ளைக்குக் கிடைப்பது வெறும் மேசை.

தகடூர் உளி, தருமபுரி | புதன், இரவு 8.45

ஆசிரியை அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதே காசுக்கு, பிரித்துச் சேர்க்கும் ஓர் இதய மாதிரியைக் களிமண்ணிலோ பிளாஸ்டிக்கிலோ வாங்கி வைத்தால் அந்த மாணவி அதே கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாளா?

அரூர் ஆசிரியை | புதன், இரவு 9.20

இதயத்துக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. பிளாஸ்டிக் இதயம் பத்தாண்டு உழைக்கும், சூடாகாது. ஆனால் அடுத்த வாரம் எரிமலை, அதற்கடுத்த வாரம் உப்புப் படிகம், அதற்கடுத்து கோள்கள். அத்தனைக்கும் மாதிரி வாங்கி வைக்க எங்களிடம் அலமாரி இல்லை. துடிப்பதையும் பிளாஸ்டிக் காட்டாது. இரண்டையும் நான் எதிரெதிராக நிறுத்தமாட்டேன்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம் | புதன், இரவு 9.50

என் பங்குக்கு: பையன் மாங்கன்றை நடுமுன் போன் வைத்து வரிசை பார்த்தான். திரையில் எல்லாம் நேர்க்கோடு. கயிறு பிடித்துப் பார்த்தால் எட்டாவது குழி ஓரடிக்கு மேல் விலகியிருந்தது. கயிறு வென்றது.

ஓசூர் நிரலாளர் | புதன், இரவு 10.30

மாந்தோப்பு ஐயா சொன்னது சிரிக்கத் தக்கதாக இருந்தாலும் பாடம் அதில்தான் இருக்கிறது. நடக்க நடக்க ஒவ்வொரு அடியிலும் சிறு பிழை சேரும். தொடங்கிய இடத்தையே திரும்பக் கேமரா பார்த்தால்தான் கணக்கைத் திருத்திக்கொள்ளும். தோப்பு வரிசை முன்னால் போய்க்கொண்டே இருப்பது, திரும்பிப் பார்ப்பதில்லை. மேசையைச் சுற்றி வருவது அப்படியன்று. அதனால்தான் ஆசிரியையின் இதயம் நின்றது, உங்கள் குழி விலகியது.

லைடார் வைத்த போன் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஐபோன்களில் 12 புரோ தொடங்கி, புரோ மாடல்களில் அது இருக்கிறது. அகச்சிவப்புக் கதிரை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கிறது, சுமார் 5 மீட்டர் வரை. வெள்ளைச் சுவர்ச் சிக்கலை அது பெருமளவு தீர்க்கிறது. நாற்காலிக்குப் பின்னால் போகும் பொய்ப் பூனை நாற்காலியால் மறைக்கப்படுவதும் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் பாலிஷ் போட்ட கறுப்புக் கல் அந்தக் கதிரையும் பாதி விழுங்கி மீதியை வேறு பக்கம் சிதறடிக்கும். கற்கடை ஐயாவின் தரை எதற்கும் மசியாது.

சிப்காட் ஷிஃப்ட், ஓசூர் | வியாழன், காலை 5.40

இரவு ஷிஃப்ட் முடிந்து பேருந்தில் எழுதுகிறேன். ஏ.ஆர். என்ற பெயரே ஆலையில் பிறந்தது என்று எங்கள் பயிற்சியில் சொன்னார்கள்: 1990களின் தொடக்கத்தில் போயிங் விமான ஆலையில், பெரிய பலகைகளின் மேல் கம்பிகளைக் கோக்கும் தொழிலாளருக்கு எந்தக் கம்பி எங்கே என்று கண்முன்னே காட்டலாம் என்று டாம் காடெல் என்பவர் யோசித்தபோது. அவர் நினைத்தது தலையில் அணியும் கருவி. காரணம் எளிது, கம்பி கோக்கிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும். போன் ஏ.ஆர். அந்த இரண்டில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதோடு, பல ஆலைகளில் வாசலிலேயே போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். ஐபோனின் உறையைச் செய்கிற ஊரில், ஆலைக்குள் போன் கேமராவைத் திறக்க முடியாது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும்.

ஓசூர் நிரலாளர் | வியாழன், இரவு 9.15

கற்கடை ஐயா ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் துறையில் அடித்தளம் போட்டவர்களே கடையை மூடிவிட்டுப் போவது வழக்கம். கூகுள் 2014இல் தொடங்கிய டாங்கோ என்ற போன் ஏ.ஆர். திட்டத்தை, அதற்கென்று தனி உணரிகள் வைத்த போன்கள் சந்தைக்கு வந்த பிறகும், 2018 மார்ச்சில் நிறுத்திவிட்டது. மைன்கிராஃப்ட் எர்த் என்ற ஏ.ஆர். விளையாட்டு 2019இல் வந்து 2021 ஜூனில் மறைந்தது. திரையில் முகத்தின் மேல் ஒப்பனை போட்டுக் காட்டும் வடிகட்டிகளைப் (ஃபில்டர்) பலர் பிழைப்பாகவே செய்துவந்த மெட்டாவின் ஸ்பார்க் தளம் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. ஆகவே தனிச் செயலி வேண்டாம் என்று சொல்லுங்கள். கல்லின் மாதிரிக் கோப்பைப் பொதுவான வடிவத்தில், ஆண்ட்ராய்டுக்கு ஜி.எல்.பி., ஐபோனுக்கு யு.எஸ்.டி.இசட். என, உங்கள் கைக்கே வாங்கிக்கொண்டு ஓர் இணையப் பக்கத்தில் வையுங்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டினால் போனில் ஏற்கனவே இருக்கும் காட்டும் கருவியே திறக்கும். எதையும் நிறுவ வேண்டாம். வீட்டுக்குள் எடுக்கும் காட்சி உங்கள் கடைக்கு வந்து சேரவும் செய்யாது. பர்கூர் வாசகியின் இரண்டாவது கவலைக்கு இதுவே பதில்.

கற்கடைக்காரர், கிருஷ்ணகிரி | இரண்டு வாரத்துக்குப் பின், ஞாயிறு, இரவு 7.45

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாலு ரோடு தம்பி சொன்னபடி 20 பேரிடம் கேட்டேன். 11 பேர் போனில் ஓடியது. அந்த நிறுவனத்தாரிடம் தனிச் செயலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எட்டே எட்டு கற்களுக்கு மட்டும் கோப்பு செய்யச் சொன்னேன். தொகை ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. எட்டும் வரி ஓடாத, லாட்டுக்கு லாட் அதிகம் மாறாத கற்கள். பாரடைசோவை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

பாலக்கோட்டில் ஒரு வீட்டுக்கு நானே போனேன். கூடத்தில் பழைய சிமெண்ட் தரை. கல் நிரலாளர் தம்பி சொன்ன மாதிரியே நின்றது. சமையலறையில் வெள்ளை டைல்ஸ், கல் தடுமாறியது. அந்த வீட்டு அம்மா அன்றைய செய்தித்தாளை நாலு தாளாகப் பிரித்துத் தரையில் விரித்தார். எழுத்தும் படமும் கிடைத்ததும் தடுமாற்றம் நின்றுவிட்டது. மேடையின் நீளத்தைப் போனில் அளந்தோம், 8 அடி 2 அங்குலம் என்றது. மேஸ்திரி டேப் பிடித்தார், 8 அடி 4½ அங்குலம். கட்டிங்குக்கு மேஸ்திரி அளவைத்தான் எழுதினேன். இரண்டரை அங்குலம் குறைத்து வெட்டியிருந்தால் அந்த ஸ்லாப் வீண்.

ஆனால் ஒன்று நடந்தது. மேடையை ஜன்னல் வரை இழுப்பதா, அடுப்போடு நிறுத்துவதா என்று அந்த வீட்டில் மூன்று மாதமாக ஓயாத வாக்குவாதம். இரண்டையும் போனில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, பத்தே நிமிடத்தில் ஜன்னல் வரை என்று முடிவு செய்துவிட்டார்கள். நிறத்தை மட்டும், நான் வண்டியில் கொண்டுபோயிருந்த ஓரடித் துண்டுகளை ஜன்னல் வெயிலில் வைத்து, தண்ணீர் தெளித்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள்.

நாளை ஊத்தங்கரையில் ஒரு வீடு. எட்டுத் துண்டுக் கற்களும் டேப்பும் வண்டியில் ஏறியாயிற்று. இன்றைய செய்தித்தாளையும் எடைக்குப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.